பத்துக்கு நாலு மார்க் போட்டது என் தப்பா?

சென்னை அம்பத்தூர் பக்கம் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் டீம் லீடாக இருக்கும் 36 வயதுப் பெண் எழுதிய கடிதத்துக்கான பதில் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

ஒன்பது வருடமாக ஒரே கம்பெனி. ஏஆர் காலராக, அதாவது அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போட்டு, வராத பில் பணத்தைக் கேட்கும் வேலையில் சேர்ந்தவர், இப்போது 14 பேர் கொண்ட டீமைப் பார்த்துக்கொள்கிறார். அமெரிக்க நேரத்துக்கு வேலை. மாலை 6 மணிக்கு லாகின், அதிகாலை 3 மணிக்கு ஷிப்ட் முடியும் என்று பேர். ரிப்போர்ட் எல்லாம் அனுப்பிவிட்டு கேப் ஏறும்போது நாலரை ஆகிவிடும். டார்கெட் முடியாத வாரங்களில் சனிக்கிழமையும் வர வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் தெரியும். கணவர் ஆவடியில் சின்னதாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். வீட்டுக் கடன் இன்னும் 11 வருடம் பாக்கி. எட்டு வயது மகளை மாமியார் பார்த்துக்கொள்கிறார்.

சில மாதங்களுக்கு முன் கம்பெனியில் 'மகிழ்ச்சித் திட்டம்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். பேன்ட்ரி பக்கத்துச் சுவரில் மஞ்சள் சீட்டு எழுதி ஒட்ட ஒரு 'நன்றிச் சுவர்', மாதம் ஒரு முறை வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர், வெள்ளிதோறும் 'இந்த வாரம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள், பத்துக்கு எத்தனை?' என்று ஒரு சர்வே. இவர் உண்மையாக நாலு என்று போட்டார். அடுத்த வாரமே மேனேஜர் கூப்பிட்டு, "டீம் லீடே நாலு போட்டா டீம் எப்படி இருக்கும்? ஆட்டிட்யூடை மாத்துங்க, அப்ரைசல்ல இதையும் பார்ப்போம்" என்று சொல்லியிருக்கிறார். பயந்துபோய், தன் டீமில் எல்லோரிடமும் "எட்டுக்குக் கீழே யாரும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டார். நன்றிச் சுவரில் இவர் ஒட்டிய முதல் சீட்டு: 'இன்று காலை என் மகளுக்கு நானே தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினேன்.' ஹெச்ஆரில் இருந்து அதைக் கழற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்து, "இது பர்சனல், கம்பெனி பத்திப் பாசிட்டிவ்வா ஒண்ணு எழுதுங்க" என்றார்களாம். இப்போதெல்லாம் கேப்பிலிருந்து இறங்கினால் கேட்டைத் திறக்க மனசு வராமல் வாசல் படியிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். பகல் தூக்கம் துண்டு துண்டாகப் போகிறது.

அவருடைய கேள்விகள்: நான் நெகட்டிவ் ஆளாகிவிட்டேனா, இல்லை இது பர்ன்-அவுட் என்கிற நோயா? இந்தப் பாசிட்டிவ் சைக்காலஜி எல்லாம் ஏமாற்று வேலையா? கம்பெனி ஏற்பாடு செய்திருக்கும் கவுன்சிலரிடம் பேசினால் ஹெச்ஆர் காதுக்குப் போகுமா? பேசாமல் பேப்பர் போட்டு வேலையை விட்டுவிடலாமா?

அன்புச் சகோதரி,

உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன், நீங்கள் கேள்வியாகவே கேட்காத ஒன்றைப் பேச வேண்டும்.

அந்தத் தங்கை சொன்ன ஒரு வரி

உங்கள் டீமில் இருக்கும் 24 வயதுப் பெண், ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வருபவர், பிரேக்கில் டீ குடிக்கும்போது "அக்கா, தூங்கப் போனா அப்படியே எழுந்திருக்காமப் போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த வரியிலேயே அப்ரைசல் விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். உங்கள் மேல் குறை சொல்லவில்லை. பதினாலு பேரின் புலம்பலைத் தினமும் கேட்கிறவருக்கு அது பதினைந்தாவது புலம்பலாகத்தான் காதில் விழும். அந்த வரிக்கு மட்டும் கடிதம் வந்த அன்றே தனியாகப் பதில் அனுப்பினேன், நீங்களும் அன்று ராத்திரியே அவரிடம் பேசிவிட்டீர்கள், இப்போது அவர் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து வருகிறார் என்று எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்று உங்களுக்கு எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் பல டீம் லீடுகளிடம் இதே மாதிரி ஒரு வரியை யாராவது சொல்லியிருப்பார்கள்.

நேராகக் கேளுங்கள். "சாகணும்னு நினைப்பு வருதாம்மா?" என்ற அதே வார்த்தையில் கேளுங்கள். இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லாதது, நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்றுதான் இதைப் பற்றி நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன, என் அனுபவத்தில் கேட்டவுடன் பாதிப் பேர் அழுதுவிட்டு லேசாகிறார்கள். "ஆமாம்" என்று சொன்னால், அதிலும் எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருந்தால், அந்த நிமிடத்திலிருந்து தனியாக விடக்கூடாது. வீட்டில் ஒருவருக்குச் சொல்லி, பக்கத்து ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள், காப்பாற்ற முடியாத சத்தியம் அது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, மத்திய அரசு நடத்துவது, இலவசம், ராத்திரி மூன்று மணிக்கும் தமிழில் பேசலாம். ஷிப்டில் இருக்கிறவர்களுக்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது. போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாலு எதைச் சொல்கிறது

இப்போது உங்களுக்கு வருகிறேன். நீங்கள் நெகட்டிவ் ஆள் இல்லை. சர்வேயில் கேள்வி கேட்டார்கள், நீங்கள் உண்மையான பதில் சொன்னீர்கள். டாக்டர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, 102 காட்டியதற்காகத் தெர்மாமீட்டரைத் திட்டுவாரா?

பர்ன்-அவுட் ஒரு நோய் என்று நினைத்திருக்கிறீர்கள், அதில் ஒரு சின்னத் திருத்தம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் 11ஆவது பதிப்பை ஏற்றபோது, பர்ன்-அவுட்டை நோய் என்று சொல்லாமல் வேலை சம்பந்தப்பட்ட ஒரு நிலை என்றுதான் எழுதியது: சரியாகச் சமாளிக்கப்படாத, நீண்ட நாள் வேலை அழுத்தத்தால் வருவது என்று. அடையாளம் மூன்று. உடம்பும் மனசும் வற்றிப்போவது, வேலை மேல் ஒட்டுதல் விட்டுப்போய்க் கசப்பு வருவது, என்னால் ஒழுங்காக எதுவும் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது. மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் 'வேலை சம்பந்தப்பட்ட' என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். இதை நாற்பது வருடத்துக்கும் மேலாக ஆராய்ந்து வரும் கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டரோடு சேர்ந்து, ஒருவர் இப்படி வற்றிப்போகும் இடத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஆறு விஷயம் சொல்கிறார்: வேலைப் பளு, வேலை மேல் நமக்கு இருக்கும் பிடி, பலனும் பாராட்டும், கூட இருக்கும் மனிதர்கள், நியாயம், நம் மதிப்பீடுகள். ஆறில் ஒன்றுகூட 'ஆளுடைய ஆட்டிட்யூட்' இல்லை.

இந்த ஆறில் உங்கள் விஷயத்தில் எனக்குக் கண்ணை உறுத்துவது பளு கூட இல்லை, அந்தப் 'பிடி'. பத்தரை மணி நேர வேலையைவிட, சனிக்கிழமை லீவா வேலையா என்று வெள்ளிக்கிழமை ராத்திரி வரை தெரியாமல் இருப்பதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். மகளுடைய பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று தடவை போக முடியாமல் போனதை எழுதிய இடத்தில் கையெழுத்தே மாறியிருக்கிறது.

மார்ட்டின் செலிக்மேன் பெயரை உங்கள் பயிற்சியாளர் சொல்லியிருப்பார், பாசிட்டிவ் சைக்காலஜியின் தந்தை என்று. அவர் 1967இல், இளம் ஆராய்ச்சியாளராக, ஸ்டீவன் மையர் என்பவரோடு சேர்ந்து செய்த சோதனைதான் அவரை முதலில் பிரபலமாக்கியது. நாய்களுக்குத் தப்பிக்க வழியில்லாமல் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு தாண்டித் தப்பிக்க வழி வைத்தபோதும் அவற்றில் பல அப்படியே படுத்துக் கிடந்தன. அவை கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொண்டுவிட்டன என்று விளக்கினார்கள். கேட்கவே கஷ்டமான சோதனைதான். ஆனால் ஏறக்குறைய 50 வருடம் கழித்து, 2016இல், அதே இருவரும் சேர்ந்து, எங்கள் விளக்கம் தலைகீழ் என்று எழுதினார்கள். முடங்கிப் போவதை யாரும் கற்றுக்கொள்வதில்லை, தொடர்ந்து அடி விழுந்தால் மூளை இயல்பாகவே முடங்கும். 'நான் ஏதாவது செய்தால் இது மாறும்' என்பதைத்தான் மூளை அனுபவத்தில் கற்றுக்கொள்கிறது என்று. வாசல் படியில் நீங்கள் உட்காரும் அந்தப் பத்து நிமிடத்தை நான் இதோடு சேர்த்துத்தான் படித்தேன். உங்கள் குணம் கெட்டுப்போகவில்லை. உங்களுக்கு வேண்டியது, 'நான் கேட்டேன், மாறியது' என்ற அனுபவம், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. கடைசியில் இதற்கு வருகிறேன்.

ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள். தூக்கமின்மையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருப்பதால் ஒரு டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்க்கட்டும். மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும், அது நோய்தான், அதற்கு நல்ல சிகிச்சையும் இருக்கிறது. எல்லாவற்றையும் வேலை மேல் போட்டுவிட்டு ரத்தசோகையைக் கவனிக்காமல் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பாசிட்டிவ் சைக்காலஜி ஏமாற்று வேலையா?

கோபத்தில் அப்படிக் கேட்டிருக்கிறீர்கள், கோபம் நியாயம். ஆனாலும் இல்லை என்றுதான் சொல்வேன். 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது செலிக்மேன் கேட்டது நல்ல கேள்வி: மனசுக்கு என்ன கோளாறு வரும் என்று இவ்வளவு காலம் படித்தோமே, ஒரு மனிதன் நன்றாக வாழ்வது எதனால் என்று எப்போது படிக்கப் போகிறோம்? சந்தோஷமான உணர்வு அதில் ஒரு பகுதிதான். மூழ்கிச் செய்யும் வேலை, உறவுகள், வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம், ஏதோ ஒன்றைச் சாதித்த நிறைவு எல்லாம் சேர்ந்ததே நல்வாழ்வு என்பது அவர் பிறகு வகுத்த கணக்கு. நாள் பூராவும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

நன்றிப் பயிற்சியும் சும்மா கட்டிய கதை இல்லை. 2005இல் செலிக்மேனும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனையில், ஒரு வாரம் தினமும் ராத்திரி அன்று நடந்த மூன்று நல்ல விஷயத்தையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, ஆறு மாதம் கழித்துக் கேட்டபோதும் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அவர்கள் யார்? இணையத்தில் தேடித் தாங்களே விரும்பி வந்து சேர்ந்தவர்கள். எழுதியதை மேனேஜர் படிக்கப் போவதில்லை, சுவரில் ஒட்டப் போவதுமில்லை, 'இது பர்சனல்' என்று யாரும் திருப்பித் தரவுமில்லை. அதே பயிற்சியைக் கட்டாயமாக்கி, பார்வைக்கு வைத்து, மார்க்கும் போட்டால் அது வேறு ஒரு பொருளாகிவிடுகிறது. கோயிலில் நாமாகப் போய்க் கும்பிடுவதற்கும், வாசலில் ஒருவர் நின்று யார் யார் கும்பிட்டார்கள் என்று நோட்டில் குறிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

உங்கள் பயிற்சியாளர் சொன்ன 'ஒரு நெகட்டிவுக்கு மூணு பாசிட்டிவ், இது கணக்குப்படி நிரூபிச்சது' என்ற விஷயத்துக்கும் வருகிறேன், ஏனென்றால் டீம் மீட்டிங்கில் நீங்கள் ஒரு குறை சொல்லும்போதெல்லாம் "மூணு நல்லது சொல்லிட்டு அதைச் சொல்லுங்க" என்று மேனேஜர் நிறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். உளவியலாளர் பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் மார்சியல் லொசாடாவும் 2005இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. நல்ல உணர்வுக்கும் கெட்ட உணர்வுக்கும் 2.9013 என்ற விகிதம், நாலு தசம இடத்தோடு! பாசிட்டிவ் சைக்காலஜியையே படிக்க வந்த நிக்கோலஸ் பிரவுன் என்ற பகுதி நேர முதுகலை மாணவருக்கு அந்தக் கணக்கு உறுத்தியது. இயற்பியல் பேராசிரியர் ஆலன் சோகல், உளவியலாளர் ஹாரிஸ் ஃப்ரீட்மேன் இருவரோடும் சேர்ந்து, அந்தக் கணக்குக்கு அடிப்படையே இல்லை என்று 2013இல் எழுதினார். அந்தக் கணிதப் பகுதி அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. நல்ல உணர்வுகள் நமக்கு நல்லது செய்யும் என்பது அப்படியே இருக்கிறது, மூன்றுக்கு ஒன்று என்ற வாய்ப்பாடுதான் இல்லை. அந்தத் துறையைப் படிக்க வந்த ஒரு மாணவரே இதைக் கண்டுபிடித்துத் திருத்தினார் என்பது அந்தத் துறை மேல் எனக்கு இருக்கும் மதிப்பைக் கூட்டத்தான் செய்கிறது. உங்கள் மீட்டிங்கில் 'சர்வர் தினமும் ஒரு மணிக்கு நிற்கிறது' என்று சொல்ல மூன்று பாராட்டு முன்னுரை தேவையில்லை.

இன்னொன்று. பிரிட்டனில் 233 நிறுவனங்களில் வேலை செய்யும் 46,336 பேரின் பதில்களை வைத்து வில்லியம் ஃப்ளெமிங் என்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் 2024இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மனவலிமைப் பயிற்சி, மைண்ட்ஃபுல்னெஸ் என்கிற மனக்கவனப் பயிற்சி, நல்வாழ்வு ஆப் என்று ஆளை மட்டும் சரிசெய்யப் பார்க்கும் திட்டங்களில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தொண்டு செய்ய வாய்ப்புத் தந்தது மட்டும் விதிவிலக்கு. ஒரு சமயத்தில் எடுத்த சர்வே என்பதால் இதை வைத்தே தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் வேலையைத் தொடாமல் ஆளை மட்டும் தேய்த்துத் துடைப்பதில் பெரிய பலன் இல்லை என்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

பல வருடம் முன்பு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு மகிழ்ச்சிப் பயிற்சி நடத்தக் கூப்பிட்டார்கள். காலை எட்டரை மணி, நைட் டியூட்டி முடித்தவர்களை அப்படியே ஹாலில் உட்கார வைத்திருந்தார்கள். நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயம் எழுதுங்கள் என்று பேப்பர் கொடுத்தேன். முன் வரிசையில் ஒரு நர்ஸ், ஒன்று என்று நம்பர் போட்டு ஒரு புள்ளி வைத்தவர், பேனாவைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார், பேனா முனை பேப்பரில் கோடு இழுத்துக்கொண்டே கீழே இறங்கியது. பயிற்சியை அங்கேயே நிறுத்தினேன். ஒரே ஒரு விஷயம் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டேன். சம்பளத்தைச் சொல்வார்கள் என்று நினைத்தேன். டியூட்டி ரோஸ்டர் முந்தின நாள் சாயங்காலம்தான் தெரிகிறது, மாத ஆரம்பத்திலேயே தெரிந்தால் போதும் என்றார்கள், கிட்டத்தட்ட எல்லோருமே. நர்சிங் சூப்பரின்டென்டென்ட் நல்ல மனுஷி, அடுத்த மாதத்திலிருந்து 25ஆம் தேதியே ரோஸ்டர் ஒட்டினார். செலவு ஒரு பைசா இல்லை. அதன் பிறகு நன்றிப் பயிற்சிக்குத் தாங்களாகவே பதினோரு பேர் வந்தார்கள்.

உங்கள் மஞ்சள் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகளுக்குத் தலை பின்னியதை எழுதினீர்களே, அந்தச் சுவரில் இருந்ததிலேயே அசலான நன்றி அதுதான் என்று நினைக்கிறேன். தேதி போட்ட, கண் முன்னால் நிற்கிற, உங்களுக்கு மட்டுமே சொந்தமான ஒரு விஷயம். படிக்கத் தெரிந்த ஒரு ஹெச்ஆருக்கு அதில் இன்னொரு தகவலும் இருந்தது: தலை பின்னுவது ஒரு தாய்க்கு விசேஷமான நாளாகத் தெரிகிற அளவுக்கு இந்த ஷிப்ட் இருக்கிறது என்று. அதைக் கழற்றிக் கையில் கொடுத்தபோது இரண்டையும் சேர்த்துக் கழற்றிவிட்டார்கள். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

ராத்திரி முழுக்கப் போனில் குரலில் சிரிப்பை வைத்துப் பேசுவதே ஒரு உழைப்பு. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹாக்ஸ்சைல்டு என்ற சமூகவியலாளர் 1983லேயே அதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பேர் வைத்தார். அந்த உழைப்பை முடித்துவிட்டு வருகிறவரிடம் ஃப்ளோரிலும் சிரியுங்கள் என்றால் அது ஓவர்டைம் கேட்பது மாதிரிதான்.

எட்டு போடச் சொன்னது

இதைச் சொன்னால் வருத்தப்படுவீர்கள், இருந்தாலும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இல்லை. டீமை எட்டு போடச் சொன்னது அவர்களைக் காப்பாற்றத்தான் என்பது புரிகிறது. ஆனால் அதே டீமில்தான் அந்தத் தங்கையும் இருந்தார். அவரும் அந்த வெள்ளிக்கிழமை எட்டுதான் போட்டிருப்பார்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மருந்து மாற்றிக் கொடுக்கும் தவறுகளைக் கணக்கெடுத்தபோது, நல்ல தலைமையுள்ள வார்டுகளில்தான் அதிகத் தவறு பதிவாகியிருந்தது. முதலில் அவருக்கே குழப்பம். பிறகுதான் புரிந்தது, அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் மறைத்தார்கள். உங்கள் டீம் இப்போது எட்டு, எட்டரை என்று போகிறது, போன ஒரு வருடத்தில் 14 பேரில் 5 பேர் வேலையை விட்டும் போயிருக்கிறார்கள். அந்த ஐந்து பேரும் எட்டு போட்டுவிட்டுத்தான் போனார்களா?

அடுத்த டீம் மீட்டிங்கில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "எட்டு போடச் சொன்னது என் தப்பு, இனிமே உங்க இஷ்டம்." விளக்கம் வேண்டாம். ஆனால் 14 பேர் உள்ள டீமில் யார் என்ன போட்டார்கள் என்பதை ஊகிப்பது சுலபம், உங்களுடையதையே கண்டுபிடித்தார்கள். அதனால் பதில் யார் கண்ணுக்கெல்லாம் போகும் என்று ஹெச்ஆரிடம் மெயிலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பதிலை டீமுக்கும் காட்டுங்கள். பிடிக்காதவர்கள் பதில் போடாமல் விடட்டும்.

கம்பெனி கவுன்சிலரிடம் போகலாமா?

போகலாம். சொன்னதெல்லாம் ஹெச்ஆருக்குப் போய்விடும் என்று முடிவு கட்ட வேண்டாம். மனநலச் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு தருகிறது. உயிருக்கு ஆபத்து மாதிரியான சில சமயங்களில்தான் விலக்கு. ஆனாலும் உட்கார்ந்தவுடன் கேட்டுவிடுங்கள்: நான் வந்தேன் என்பதாவது கம்பெனிக்குத் தெரியுமா, நோட்ஸ் எங்கே இருக்கும், எந்தச் சூழ்நிலையில் நீங்கள் வெளியே சொல்வீர்கள்? நல்ல கவுன்சிலர் இதற்குக் கோபப்பட மாட்டார், சொல்லப்போனால் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். பதில் மழுப்பலாக இருந்தால் வெளியில் ஒருவரைப் பாருங்கள். கம்பெனி கொடுத்திருக்கும் குரூப் மெடிக்ளெய்மையும் எடுத்துப் படியுங்கள்; உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது.

பேப்பர் போடுவதற்கு முன்

இன்றைக்குப் போடாதீர்கள். தூங்காத மூளை எடுக்கும் முடிவு அது. போகவே கூடாது என்று சொல்லவில்லை, மூன்று மாதம் கழித்தும் இப்படியே இருந்தால் நானே போகச் சொல்வேன். அந்த மூன்று மாதத்தை இப்படிப் பயன்படுத்துங்கள்.

ஆறு மாதக் கணக்கு ஒன்று எடுங்கள். எத்தனை சனிக்கிழமை வந்தீர்கள், அதில் எத்தனை வெள்ளிக்கிழமை ராத்திரி சொல்லப்பட்டது, எத்தனை நாள் நாலு மணிக்கு மேல் லாக்-அவுட். டீமில் விட்டுப்போன ஐந்து பேருக்குப் பதில் வந்தவர்கள் தேறி டார்கெட் எடுக்க எத்தனை வாரம் ஆனது. ஒரே பக்கம் போதும். அதை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போய், சந்தோஷத்தைப் பற்றிப் பேசாமல் இரண்டே விஷயம் கேளுங்கள்: சனிக்கிழமை வேலை இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும், 3 மணிக்கு மேல் செய்யும் அந்த ரிப்போர்ட்டை ஷிப்டுக்குள்ளேயே முடிக்க வழி செய்ய வேண்டும், இரண்டு சீனியர் காலர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலும் சரி. அவருக்கும் மேலே ஒருவர் டார்கெட் கேட்டு நெருக்குகிறார், 'எனக்குக் கஷ்டமா இருக்கு' என்பதைவிட 'ஆள் நிற்க மாட்டேங்குது, இதனாலதான்' என்பது அவர் காதில் ஏறும். பேசி முடித்ததும் 'இன்று நாம் பேசியபடி' என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மேஜையில் தட்டுவதற்காக இல்லை, பயம் குறைவதற்காக. 1947ஆம் வருடத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் என்றால் இரட்டைச் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதில் சம்பளமோ இல்லாமல் வெளியே அனுப்பக் கூடாது என்று அதன் 41ஆவது பிரிவு சொல்கிறது. டீம் லீட் என்பதால் உங்களை நிர்வாகத்தில் சேர்த்து இதற்கு வெளியே வைக்கப் பார்க்கலாம், உங்கள் காலர்களை அப்படிச் சொல்வது கஷ்டம். அந்த நுணுக்கத்தை நான் சொல்வதைவிட வக்கீல் சொல்வதுதான் சரி. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். 'ஆட்டிட்யூட்' என்று சொல்லி ரேட்டிங்கைக் குறைத்தால், எந்தச் செயல், எந்தத் தேதி என்று எழுத்தில் கேளுங்கள். யாராவது நெருக்கி ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் அன்றே போட வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று சொல்லுங்கள்.

நீங்களாகவே போவது என்று முடிவானால், ஒன்பது வருடத்துக்கான கிராஜுவிட்டி உங்களுக்கு வர வேண்டும், வருடத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கில். அதோடு பிஎஃப், நோட்டீஸ் பீரியட், ரிலீவிங் லெட்டர் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு, கையில் அடுத்த ஆஃபரும் மூன்று மாத ஈஎம்ஐயும் இருக்கும்போது போங்கள். பகல் ஷிப்டில் மெடிக்கல் கோடிங் (சிகிச்சை விவரத்தைப் பில்லுக்கான குறியீடாக மாற்றுவது), குவாலிட்டி செக்கிங் மாதிரி வேலைகளுக்கு உங்கள் அனுபவம் பொருந்தும். 'ஒன்பது வருஷம் காலிங் பண்ணவளுக்கு வேற என்ன தெரியும்' என்று எழுதியிருந்தீர்கள், பதினாலு பேரை ராத்திரி ஷிப்டில் கட்டிக் காப்பாற்றத் தெரியும். கணவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கடை வியாபாரமே சுமாராகப் போகும்போது அவருக்கு எதற்குப் பாரம் என்று நினைக்கிறீர்கள். வாசல் படியில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, அதிகாலையில் கேப் சத்தம் கேட்டு விழிக்காத வீடு உண்டா? இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுங்கள்.

மேனேஜரிடம் பேசிய பிறகு என்ன நடந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சனிக்கிழமை விஷயம் ஒன்று மட்டும் மாறியிருந்தாலும் எழுதுங்கள். அந்த மஞ்சள் சீட்டைக் கிழித்துப் போடாமல் ஹேண்ட்பேக்கில் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். அதை வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள், மகள் படிக்கட்டும்.